வரப்பை விட்டுவிட்டேன்

வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். "கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணும்மா, பேசிட்டுக் கூப்பிடறோம்" என்று என் கைடு பாலகுருசாமி சார் சொன்னதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். எதற்குக் கும்பிட்டேன், இது என்ன கோயிலா, முப்பத்தேழு வயதில் ஒரு உதவிப் பொறியாளர் நாலு பேரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்து கதவில் இடித்துக்கொள்வது எந்த ஊர் மரியாதை. இடித்த முழங்கை வலிக்கிறது. பெஞ்சில் ஒரு கால் ஆடுகிறது, நகர்ந்து சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன். விரலெல்லாம் சாக்பீஸ், புடவை மடிப்பில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது, எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. முடிந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் நின்றபடி பேசியாகிவிட்டது. மண்ணைப் பற்றிக் கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன், அது என் தொழில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசியில் கணிதத் துறையிலிருந்து வந்திருக்கும் இன்னாசிமுத்து சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதையும் போர்டில் போட்டுக் காட்டிவிட்டேன். இனி அவர் அந்தப் படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். அது விழுந்தால் கணிதத்தில் மைனர், அதாவது துணைப்பாடம், முடிந்தது என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளும், வைவா என்கிற இந்த வாய்மொழித் தேர்வு தேறியதாகும், ஆராய்ச்சிக்குள் போகலாம். விழாவிட்டால் அடுத்த பருவம்தான். அடுத்த பருவத்துக்கு எனக்குப் படிப்பு விடுப்பு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் படிவம் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் பழையபடி ஜீப்பில் ஏறி ஊர் ஊராக வரப்பு அளக்கப் போகவேண்டியதுதான். இன்று செவ்வாய். ஆனால் விழும், ஏன் விழாது, நன்றாகத்தானே சொன்னேன், நானே ஒரு தடவை நிமிர்ந்து என் எழுத்தைப் பார்த்துக்கொண்டேனே.

பாலகுருசாமி சார் அன்றைக்கே சொன்னார். "ஸ்டாடிஸ்டிக்ஸ் எடும்மா, எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்க, நாலு பேப்பர், கண்ணை மூடிட்டுப் பாஸ் பண்ணிடலாம். மேத்ஸை யாராவது மைனரா எடுப்பாங்களா, அவங்க பெயிலாக்கறதுக்குன்னே உக்காந்திருப்பாங்க." எல்லாரும் எடுக்கிறார்கள் என்று சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. பிளஸ் டூ கணக்கில் மூன்று மார்க்கில் இருநூறு போனவள் நான். கவுன்சிலிங்கில் போய் நின்றபோது கையில் இருந்த கட்டாஃபுக்கு வேளாண் பொறியியல் என்று வந்தது, வேலை உண்டு என்றார்கள், எடுத்துக்கொண்டேன், வேலையும் கிடைத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு மட்டும் எங்கோ பாதியில் வைத்த சோறு மாதிரி இருந்துகொண்டே இருந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது இவர், என் வீட்டுக்காரர், சிரித்தார். "கணக்குல மைனரா? நம்ம வீட்ல ஒரு மைனர் போதாதாளா?" என்றார், தன்னைத்தான் சொல்கிறாராம். பிறகு, "ஆசப்பட்டா எடு, பிள்ளய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷன். முதல் தேர்வில் நாற்பதுக்கு ஏழு. எம்.எஸ்ஸி. பிள்ளைகளோடு உட்கார்ந்து, எல்லாம் இருபத்தொன்று இருபத்திரண்டு வயசு, என்னை அக்கா என்கிறதா மேடம் என்கிறதா என்று அவர்களுக்கே குழப்பம், அந்தக் கூட்டத்தில் ஏழு. இன்னாசிமுத்து சார் விடைத்தாளைக் கொடுக்கும்போது எல்லாருக்கும் விரித்தபடியே கொடுத்தார், எனக்கு மட்டும் இரண்டாக மடித்துக் கொடுத்தார். மார்க் வெளியே தெரியக்கூடாதாம். அந்த மடிப்பை நான் மறக்கவே இல்லை. ஏழு மார்க் வலிக்கவில்லை, மடித்ததுதான் வலித்தது. நான்கு வாங்கிய பையனுக்குக்கூட விரித்துத்தான் கொடுத்தார், அவன் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான், சிரிக்கலாம், அவனுக்கு வயசிருக்கிறது. எனக்கென்றால் மடிக்கவேண்டியிருக்கிறது. அன்றைக்குப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஷிபானாதான், அந்தப் பிள்ளை வகுப்பில் முதல் பெஞ்சு, "அக்கா, நீங்க கணக்கப் போடறீங்க, ஆனா ஏன்னு சொல்லமாட்டேங்கறீங்க, இங்க ஏன்னு சொல்றதுக்குத்தான் மார்க்" என்றாள். நிஜம். பதினோரு வருஷமாக விடை சரியாக வந்தால் போதும் என்று இருந்தவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அதற்கப்புறம் நான்கு பேப்பர், இருபத்தாறு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. கடைசி பேப்பரில் முப்பத்தாறு, ஷிபானாவைவிட ஒன்று கூட. அந்தத் தாளையும் மடித்தாரா விரித்தாரா, நினைவில்லை, அதுதான் விசித்திரம்.

உள்ளே யாரோ இருமுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கும் பேராசிரியராக இருக்கும், அவருக்கு ஒன்று நாற்பதுக்கு ரயில், வந்ததிலிருந்து மணிக்கட்டைத்தான் பார்க்கிறார். என்ன அழகான கேள்வி கேட்டார் இன்னாசிமுத்து சார். என் வேலையிலிருந்தே எடுத்தார். ஒரு வயல், இரண்டு பக்கமும் வரப்பு, வரப்பை ஒட்டி வாய்க்கால், தண்ணீர் ஓரங்களிலிருந்து மட்டும் கசிந்து வருகிறது, மேலே வெயில் எல்லா இடத்திலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மண்ணில் ஈரம் எங்கே மிக அதிகம்? ஓரத்தில்தான் சார். "அது எந்த விவசாயியும் சொல்லுவார். நீங்க நிரூபிச்சுக் காட்டுங்க." காட்டினேன். ஈரத்தை ஒரு கோடாக வரைந்தேன். வெயில் உறிஞ்சுகிற வரைக்கும் அந்தக் கோடு துணி காயப்போடுகிற கொடிக்கயிறு மாதிரி தொய்ந்துதான் இருக்கும், எந்த இடத்திலும் மேல்நோக்கிப் புடைக்காது, இது சமன்பாட்டிலேயே இருக்கிறது. இப்போது வயலுக்குள் மிக ஈரமான இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த இடத்தில் கோடு உச்சியில் நிற்கவேண்டும், இரண்டு பக்கமும் இறங்கவேண்டும். ஆனால் தொய்கிற கோடு ஒரே இடத்திலிருந்து இரண்டு பக்கமும் எப்படி இறங்கும்? முரண்பாடு. ஆகவே அந்த இடம் உள்ளே இருக்க முடியாது, ஓரத்தில்தான். சாக்பீஸை வைத்துவிட்டேன். எட்டே வரி. எட்டு வரியில் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம், மறைக்காமல் சொல்வதென்றால் என் பிள்ளையைக் கையில் வாங்கியபோதுகூட வலியும் களைப்பும் கலந்திருந்தது, இதில் கலப்படமே இல்லை. சார் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "அந்த மிக ஈரமான இடம், அது எங்க இருக்கு?" உள்ளே எங்காவது சார், என்றேன். "உள்ளேன்னா?" வயலுக்குள்ள சார், ஓரம் இல்லாம. தலையாட்டினார். அவ்வளவுதான். எங்க இருக்கு. அது என்ன கேள்வி? எங்கிருந்தால் என்ன, எங்காவது இருக்கும், ஈரம் என்று ஒன்று இருந்தால் மிக அதிகமான இடம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும். இருக்கவேண்டுமா? ஷிபானா பஸ்ஸில் விளையாடுவாள். "அக்கா, ஒண்ணுக்குக் கம்மியான எண் ஒண்ணு சொல்லுங்க, இருக்கறதுலயே பெரிசா." புள்ளி ஒன்பது. "நான் புள்ளி ஒன்பது ஒன்பது." இப்படியே அவள் இறங்குகிற ஸ்டாப் வரைக்கும். ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் விடை ஒன்று, ஒன்றை விட்டுவிட்டால் விடையே கிடையாது, நெருங்கிக்கொண்டே போகலாம், பிடிக்க முடியாது. ஓரத்தையும் சேர்த்தால்தான் மிகப் பெரியது என்று ஒன்று கட்டாயம் இருக்கும், அது தேற்றம், முதல் பேப்பரில் மூன்றாவது வாரம். நான் ஓரத்தைச் சேர்த்தேனா? ஓரம் இல்லாம சார். என் வாயாலேயே சொன்னேன். ஓரத்தை நீக்கிவிட்டு, உள்ளே மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் மிக ஈரமான இடம் ஒன்று இருக்கிறது என்று எழுதிவிட்டு, அது உள்ளே இல்லை என்று காட்டிவிட்டு, ஆகவே ஓரத்தில் என்று முடித்திருக்கிறேன். உள்ளே மட்டும்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தவள் ஓரத்துக்கு எப்படிப் போனாள்? என் எட்டு வரியும் சேர்ந்து சொல்வது இவ்வளவுதான்: அப்படி ஒரு இடம் இருக்கிறது, அப்படி ஒரு இடம் இல்லை. அம்மா. வரப்பை விட்டுவிட்டேன். பதினோரு வருஷம் வரப்புப் போட்டுச் சம்பளம் வாங்கியவள் வயலை எடுத்துக்கொண்டு வரப்பை விட்டுவிட்டேன்.

காது சூடாகிறது. உட்கார்ந்திருக்கிறேனா நிற்கிறேனா, உட்கார்ந்துதான் இருக்கிறேன். முதல் வரியில் ஓரங்களையும் சேர்த்து என்று போட்டிருந்தால் எல்லாம் சரி, அடுத்த ஏழு வரியும் அப்படியே நிற்கும், ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, ஆனால் அந்த வார்த்தையில்தான் தேற்றமே இருக்கிறது, அது ஏன் என்பது, ஏனுக்குத்தான் மார்க். அவர் கவனித்தாரா? கவனித்ததால்தானே எங்க இருக்கு என்று கேட்டார். கயிறு போட்டுப் பார்த்திருக்கிறார், நான் பிடிக்கவில்லை. பிடிக்காதவளைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். அப்படியென்றால் அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்? சரி என்று அர்த்தமா, சரி விடு என்று அர்த்தமா? கேண்டீன் காத்தமுத்து அண்ணன் தட்டோடு வருகிறார். வைவாவுக்கு வருகிறவர்களுக்கு மாணவர்தான் டிபன் சொல்லவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம், கேண்டீனில் ரவா கேசரியும் மெதுவடையும் சொல்லியிருந்தேன், தேங்காய்ச் சட்னி வேண்டாம் புளித்துவிடும் என்று காத்தமுத்து அண்ணன்தான் தடுத்தார். "மேடம், ஒண்ணும் கவலப்படாதீங்க, தட்டு உள்ள போயிட்டா பாஸுன்னு அர்த்தம். பெயிலுன்னா வேணாம்னுருவாங்க, இருபது வருஷமா பாக்கறேன்" என்று காலால் கதவைத் தள்ளினார். அந்த இடைவெளியில் போர்டு தெரிந்தது. என் எழுத்து, என் கொடிக்கயிறு. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இன்னாசிமுத்து சார் எதற்கோ சிரிக்கிறார். கதவு மூடிவிட்டது. தட்டு உள்ளே போய்விட்டது. சிரிக்கிறார் என்றால் முடிவு செய்துவிட்டார். பாவம், குடும்பப் பெண், பிள்ளையை விட்டுவிட்டு வந்து படிக்கிறது, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு, போடு ஒரு கையெழுத்து. மடித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் சூப்பிரண்டென்ட் நான் விடுப்பில் கிளம்பும்போது, "லேடீஸ்னா பாத்துப் போட்டு விட்டுருவாங்க மேடம், கஷ்டம் எல்லாம் எங்களுக்குத்தான்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருக்கவேண்டும், சிரித்துவிட்டு வந்தேன். இப்போது அவர் சொன்னது உண்மையாகப் போகிறது. உண்மையானாலும் யாருக்குத் தெரியும். எனக்கும் இன்னாசிமுத்து சாருக்கும் தெரியும். அல்லது எனக்கு மட்டும். ஒருவேளை அவர் கவனிக்கவே இல்லை, அந்தக் கேள்வி சும்மா வாய்க்கு வந்தது. அப்படியென்றால் எனக்கு மட்டும். அது இன்னும் மோசமா, இல்லை பரவாயில்லையா, யோசிக்க வரவில்லை, முழங்கை வலிக்கிறது.

போன் அதிர்கிறது. இவர்தான், "என்னாச்சுளா, முடிஞ்சா?" என்று எழுதியிருக்கிறார். முடிந்தது என்று எழுதினேன், அழித்தேன், இல்லை என்று எழுதினேன், அதையும் அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பேசாமல் இரு வடிவு, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. கூப்பிடுவார்கள், உள்ளே போ, நன்றி சொல், படிவத்தை வாங்கு, பஸ் ஏறு. ஒரு வார்த்தைதானே, வீட்டுக்குப் போய் நோட்டில் திருத்தி எழுதிக்கொள், உனக்குத் தெரிந்தால் போதாதா. கையெழுத்தும் இருக்கும், கணக்கும் சரியாகிவிடும். சரிதான், நானும் ஒரு தடவை அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கண்மாய்க்குக் கீழே நீளமாக ஒரு மண்வரப்பு. அளந்து பார்க்கையில் ஒரே ஒரு இடத்தில், நாலு எட்டு வைக்கிற நீளத்துக்கு, உயரம் அரையடி குறைவு. ஒப்பந்தக்காரர் நல்ல மனுஷன், பெண்டாட்டி ஆஸ்பத்திரியில், ஆட்கள் போய்விட்டார்கள், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மீதியெல்லாம் ஜம்மென்று இருந்தது. அரையடிதானே, நாலு எட்டுதானே, பாவம் என்று அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐப்பசியில் அந்த நாலு எட்டில்தான் உடைந்தது. தண்ணீர் நல்ல இடத்தைத் தேடிப் போகாது, குறைந்த இடத்தைத்தான் தேடிப் போகும். கீழே இருந்த வயல்காரர் சுந்தரபாண்டி என்று பேர், நட்டுப் பதினெட்டு நாளான பயிர், மண்மூடிக் கிடந்தது. பார்க்கப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க வந்து பாத்ததே சந்தோசம்மா" என்று வெயிலில் நின்றவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். என் கையெழுத்துத்தான் உங்கள் பயிரை மூடியது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தேன். ஒரு விசாரணையும் வரவில்லை, மழை அதிகம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. ஆனால் இது வயல் இல்லையே, போர்டில் போட்ட கோடு, இதில் யாருடைய பயிர் மூடப்போகிறது. யாருடையதும் இல்லை. என்னுடையது மட்டும். நாளைக்கு யாராவது கணிதத்தில் மைனரா, பரவாயில்லையே என்று புருவத்தைத் தூக்கினால் நான் சிரிப்பேன், சிரிக்கும்போது இந்த பெஞ்சு ஞாபகம் வரும், பெஞ்சின் ஆடுகிற கால் ஞாபகம் வரும். ஒரு வேலைக்காகவா இந்தக் கணக்கைப் படித்தேன்? ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். இதை நான் வாங்கினேன் என்று இருக்கவேண்டும் என்றுதானே, யாரும் கொடுத்தது என்று இல்லாமல். ஆனால் வெள்ளிக்கிழமை. ஆனால் விடுப்பு. ஆனால் பாலகுருசாமி சார் முகம். பிள்ளை இரண்டு வருஷமாக அப்பா சமைக்கிற சாம்பாரைச் சாப்பிடுகிறதே, அதற்கு என்ன சொல்வேன், அம்மா பாஸாகிவிட்டாள், அவளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றா. பயமாக இருக்கிறது. எழுந்திருக்கவே முடியாது என்று நினைத்தபோது எழுந்து நின்றிருந்தேன்.

கூப்பிடாமல் உள்ளே போகிற வழக்கம் இங்கே இல்லை. தட்டிவிட்டேன். பதில் வருவதற்குள் திறந்தும்விட்டேன். பாலகுருசாமி சார் வாயில் வடை, கையால் வா வா என்று காட்டி, விழுங்கிவிட்டு, "நானே கூப்பிடணும்னு இருந்தேன், கங்கிராஜுலேஷன்ஸ்மா, எல்லாரும் போட்டாச்சு" என்று படிவத்தை என் பக்கம் திருப்பினார். மூன்றாவது கட்டத்தில் பச்சை மையில் கையெழுத்து. எவ்வளவு அழகாக இருந்தது. "சார், நான் போட்ட நிரூபணம் தப்பு சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. வெளியூர்ப் பேராசிரியர் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுத்தார். இன்னாசிமுத்து சார் நாற்காலியைத் திருப்பிப் போர்டைப் பார்த்தார். நான் முதல் வரியைக் காட்டி, ஓரத்தை விட்டுவிட்டேன் சார், ஓரத்தை விட்டால் மிக ஈரமான இடம் என்று ஒன்று இருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை சார், என்று சொன்னேன். அவர் படித்தார். எட்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே போய் மறுபடியும் படித்தார். "ஆமா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் பாக்கலம்மா. எங்க இருக்குன்னு எல்லார்ட்டயும் கேப்பேன், அது என் பழக்கம். நீங்க பதில் சொன்னப்போ நான் அடுத்த வரிக்குப் போயிட்டேன். விட்டுட்டேன்" என்றார். அந்த முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. மாட்டிக்கொண்ட ஆள் முகம்தான் இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து என்னென்னவோ கற்பனை செய்துகொண்ட மனுஷரே இல்லை இவர், கணக்கில் கண் தவறிய இன்னொருவர், அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதான் அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்களே சார், தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம், விடுங்க" என்றார் பாலகுருசாமி சார். இன்னாசிமுத்து சார் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, தன் கையெழுத்தின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அவசரமில்லாமல், பக்கத்தில் தேதியும் போட்டார். "தெரிஞ்சிருக்கு, இல்லேங்கல. ஆனா பரீட்சைல சொன்னது தப்பு, அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்கம்மா, வேற கேள்வி கேக்கறேன். சரியா வந்தா வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய் ஆபீஸ்ல குடுக்கறேன்." வராவிட்டால் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாலகுருசாமி சார் என்னை ஒரு பார்வை பார்த்தார், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லை என்கிற பார்வை, கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. அப்புறம் அவருக்கே மனது கேட்காமல், "சார், லீவு முடியுது அவங்களுக்கு, ஊர்ல சின்னப் பொண்ணு வேற இருக்கு. ஈசியா ஒண்ணு கேட்டு முடிச்சுடுங்க சார்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "வேண்டாம் சார்," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததில் சாக்பீஸ் கண்ணில் பட்டு எரிய, "கஷ்டமாவே கேளுங்க சார்." இன்னாசிமுத்து சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "கேக்கறேன்," என்றார்.